ஸ்பானிஷில் மணியும் வழியும்: கேட்பது எளிது, பதிலைப் பிடிப்பதுதான் பாடம்

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கும் யாரும் முதல் வாரத்திலேயே இரண்டு கேள்விகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ‘கே ஓரா எஸ்?’ என்றால் மணி என்ன. ‘தோந்தே எஸ்தா?’ என்றால் எங்கே இருக்கிறது. இரண்டும் சீக்கிரம் வாயில் ஏறிவிடும். தொல்லை அதற்கடுத்த நொடியில் வருகிறது. நீங்கள் எவ்வளவு சுத்தமாகக் கேட்கிறீர்களோ, எதிரே நிற்பவர் அவ்வளவு வேகமாகப் பதில் சொல்வார், உங்களுக்கு மொழி தெரியும் என்ற நம்பிக்கையில். பதிலில் பாதிகூடக் காதில் தங்காது.

அதனால் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியைப் பதிலுக்குத்தான் செலவிட வேண்டும். மணிக்கும் வழிக்கும் வரக்கூடிய பதில்கள் ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த வட்டத்தை முன்கூட்டியே காதுக்குப் பழக்கிவிட்டால், நடுவில் பத்துச் சொற்கள் புரியாமல் போனாலும் இடம் போய்ச் சேரலாம்.

முதலில் ஒலி. இங்கே தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. தமிழில் ‘தாது’ என்று சொல்லும்போது முதல் ‘த’ வன்மையாகவும் இரண்டாவது மென்மையாகவும் தானாகவே வருகிறது. ஸ்பானிஷில் ‘முழுவதும்’ என்று பொருள்படும் ‘தோதோ’ என்ற சொல்லும் அப்படியே: முதலில் வன்மை, நடுவில் மென்மை. தமிழ் வாய் இதைச் சொல்லிக்கொடுக்காமலே சரியாகச் சொல்லும். ‘மகன்’ என்பதில் வரும் க, ‘அவன்’ என்பதில் உதடு லேசாக உரசும் வ, இவையும் ஸ்பானிஷில் சொல்லின் நடுவே வரும் ஒலிகளுக்கு மிக அருகில் இருக்கின்றன. இதை விட்டுவிட்டு ஆங்கில வழியாகப் போய் ‘டோடோ’, ‘டெரேச்சா’ என்று நாக்கை மடக்கிச் சொல்வதுதான் மலேசியாவில் அதிகம் கேட்கும் பிழை. நாக்கு நுனி பல்லைத் தொடட்டும்.

சொல்லின் முதலில் மட்டும் எச்சரிக்கை. இரண்டு என்பதற்கான சொல்லைக் குறிப்பேட்டில் ‘தோஸ்’ என்று எழுதி, அதைத் தமிழ் வழக்கப்படி வன்மையாகப் படித்தால், ஸ்பானிஷ்காரர் காதில் அது ‘இருமல்’ என்று விழும். ‘பந்து’ என்பதில் வரும் த-வை எடுத்துச் சொல்லின் முதலில் வைக்க வேண்டும். தோஸ் (2), தியேஸ் (10), தோஸே (12), தெரேச்சா (வலம்), தோந்தே (எங்கே) என்று இந்தத் தலைப்புக்குத் தேவையான பல சொற்கள் அந்த ஒலியில்தான் தொடங்குகின்றன. குறிப்பெடுக்கும்போது அந்த எழுத்தின் கீழ் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும்.

இனி கடிகாரம். மணி ஒன்று என்றால் மட்டும் ஒருமை: ‘எஸ் லா ஊனா’. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாம் பன்மை: ‘ஸோன் லாஸ் தோஸ்’, ‘ஸோன் லாஸ் த்ரெஸ்’. ‘லாஸ்’ என்பது மணியைக் குறிக்கும் ‘ஓராஸ்’ என்ற பெண்பாற் சொல்லுக்காக நிற்கிறது. அந்தச் சொல்லை வாயால் சொல்வதில்லை. நிமிடத்தை ‘இ’ போட்டுச் சேர்க்கிறார்கள்: ‘ஸோன் லாஸ் த்ரெஸ் இ தியேஸ்’ என்றால் மூன்று பத்து. பேச்சில் வரும் நிமிடச் சொற்கள் பெரும்பாலும் ஆறுதான். ஸின்கோ (5), தியேஸ் (10), குவார்த்தோ (கால்), பேய்ன்த்தே (20), பேய்ன்த்திஸின்கோ (25), மேதியா (அரை). அரை மணி வரை முன்னோக்கிக் கூட்டுவார்கள். அரையைத் தாண்டியதும் அடுத்த மணிக்குத் தாவி, அங்கிருந்து ‘மேனோஸ்’ என்று கழிப்பார்கள்.

தமிழ் மனம் தடுக்கி விழும் இடம் இதுதான். 3:45 என்பது நமக்கு மூன்றேமுக்கால். மூன்று அதில் இருக்கிறது. ஸ்பெயினில் அது ‘லாஸ் குவாத்ரோ மேனோஸ் குவார்த்தோ’, அதாவது நான்கில் கால் குறைய. மூன்று என்ற சொல்லே வாக்கியத்தில் கிடையாது. நான்கு என்ற சொல் காதில் விழுந்த உடனே நான்கேகால் என்று முடிவுகட்டிவிட்டால் அரை மணி நேரம் பிசகிவிடும். பேருந்து போயே போய்விடும். இந்த ஒரு விஷயத்துக்குத் தமிழ்க் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் பழகிய ‘குவார்ட்டர் டு ஃபோர்’ கணக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது. ‘மேனோஸ்’ வருகிறதா, ‘இ’ வருகிறதா என்று கேட்ட பிறகுதான் மணியை மனத்தில் எழுத வேண்டும்.

லத்தீன் அமெரிக்காவில் பல நாடுகளில் இந்தக் கழித்தல் வேறு வடிவில் வரும்: ‘குவார்த்தோ பாரா லாஸ் குவாத்ரோ’, நான்குக்குக் கால். சில சமயம் முன்னால் ‘ஃபால்தான்’ என்று சேர்த்து, ‘நான்குக்கு இன்னும் பத்து நிமிடம் பாக்கி’ என்ற பொருளில் சொல்வார்கள். ‘பாரா’ காதில் விழுந்தால் பின்னால் வரும் எண்ணுக்கு இன்னும் மணி ஆகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குவாத்ரோ, குவார்த்தோ, குவாத்ரா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பழக வேண்டும். முதலாவது நான்கு. இரண்டாவது கால் பங்கு. மூன்றாவது லத்தீன் அமெரிக்காவில் ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரையுள்ள தூரம். முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ர் எங்கே நிற்கிறது என்பதில்: ‘த்ரோ’ என்று முடிந்தால் நான்கு, ‘ர்த்தோ’ என்று முடிந்தால் கால். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது, ஆனால் தமிழ்க் காது அறியும். ‘சித்ரா’ என்பதில் வரும் த்ர நான்குக்கு, ‘பத்ரகாளி’ என்பதில் வரும் த்ர தெருத் தூரத்துக்கு. ‘குவாத்ரோ குவாத்ராஸ்’ (நான்கு தெருத் தூரம்) என்பதைப் பத்து முறை சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு ‘லாஸ் குவாத்ரோ இ குவார்த்தோ’ (நான்கேகால்).

‘லாஸ் தோஸ்’ (2 மணி), ‘லாஸ் தோஸே’ (12 மணி) இரண்டும் வேகப்பேச்சில் ஒன்றுபோலக் கேட்கும். கடைசி ‘ஏ’ இருக்கிறதா என்பதில்தான் கவனம். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்த ஸே, நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலியாக மாறிவிடுவதால் அங்கே பிரித்தறிவது சற்றுச் சுலபம்.

மணி இப்போது என்ன என்பதற்கும், எத்தனை மணிக்கு என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் தமிழ் நேரடியாகக் கைகொடுக்கிறது. ‘மூன்று மணி’ என்றால் ‘ஸோன் லாஸ் த்ரெஸ்’. ‘மூன்று மணிக்கு’ என்றால் ‘ஆ லாஸ் த்ரெஸ்’. நம் ‘-க்கு’ எங்கே வருகிறதோ அங்கே அவர்களுடைய ‘ஆ’ முன்னால் வந்து நிற்கும். எத்தனை மணிக்குப் புறப்படும் என்று கேட்க ‘ஆ கே ஓரா ஸாலே?’ ரயில் நிலைய அறிவிப்பிலும் பயணச்சீட்டிலும் 24 மணிக் கணக்கு இருக்கும். 15:45 என்றால் ‘லாஸ் கின்ஸே குவாரென்த்தா இ ஸின்கோ’ என்று அறிவிப்பார்கள். அங்கே கால், அரை, மேனோஸ் எதுவும் வராது.

பொழுதைக் குறிக்கும் சொற்கள்: ‘தே லா மஞானா’ காலை, ‘தே லா தார்தே’ பிற்பகலும் மாலையும், ‘தே லா நோச்சே’ இரவு, ‘தே லா மாத்ருகாதா’ நள்ளிரவுக்குப் பிறகு விடியும் வரை. மஞானா என்றால் நாளை என்றும் பொருள், ஆகவே நாளைக் காலை ‘மஞானா போர் லா மஞானா’ ஆகிறது. எட்டு மணிக்குள் இருட்டிவிடும் பினாங்கிலிருந்து போகிறவர்களுக்கு ஸ்பெயினின் கோடைகாலம் வியப்பாக இருக்கும். ஜூன் மாதம் மட்ரிட்டில் ஒன்பதரைக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால், இரவு எட்டு மணியை ‘லாஸ் ஓச்சோ தே லா தார்தே’, மாலை எட்டு என்றே சொல்வார்கள்.

இதற்குக் காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. ஸ்பெயின் இருக்கும் தீர்க்கரேகைக்கு லண்டன் நேரம்தான் பொருத்தம். ஆனால் 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாறியது, பிறகு திரும்பவே இல்லை. தீபகற்ப மலேசியாவும் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னால் நகர்ந்து சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்தது. அதனால்தான் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சூரியன் உச்சிக்கு வர ஏறத்தாழ 1:20 ஆகிறது. மட்ரிட்டில் குளிர்காலத்தில் ஏறத்தாழ அதே நேரம், கோடையில் இரண்டேகால். அங்கே இரண்டு, மூன்று மணிக்கு மதிய உணவு என்பதில் சூரியனுக்கும் பங்கு உண்டு. ‘மேதியோதியா’ என்ற சொல்லை அவர்கள் பன்னிரண்டு மணியோடு நிறுத்தாமல் சாப்பாட்டு நேரம் முழுவதற்கும் பயன்படுத்துவதால், ‘மதியம் பார்ப்போம்’ என்று யாராவது சொன்னால் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். சிறிய கடைகள் பல 2 மணிக்கு மூடி 5 மணிக்குத் திறக்கும். தொலைபேசியில் பேசத் திட்டமிடுகிறவர்களுக்கு: ஸ்பெயின் நிலப்பகுதி கோடையில் மலேசியாவுக்கு 6 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 7. கேனரித் தீவுகள் அதற்கும் ஒரு மணி நேரம் பின்னால்.

இனி வழி. தமிழில் ‘கோயில் எங்கே இருக்கிறது’, ‘பக்கத்தில் மருந்துக்கடை இருக்கிறதா’ இரண்டிலும் ‘இரு’ ஒன்றுதான். ஸ்பானிஷில் இரண்டு. குறிப்பிட்ட இடத்தைத் தேடினால் ‘எஸ்தா’: ‘தோந்தே எஸ்தா லா எஸ்தாஸியோன்?’ (நிலையம் எங்கே?). ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்றால் ‘ஆய்’: ‘ஆய் ஊனா ஃபார்மாஸியா போர் ஆகீ?’ (இங்கே பக்கத்தில் மருந்துக்கடை ஏதாவது இருக்கிறதா?). ‘ஒரு’ என்று சொல்ல முடிகிற இடத்தில் ‘ஆய்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. பேச்சைத் தொடங்க ‘பெர்தோனே’ அல்லது ‘திஸ்குல்பே’. முன்பின் தெரியாதவரிடம் நாம் ‘நீங்க’ போடுவதைப் போலவே ‘ஊஸ்தெத்’ முறையில் கேட்பது எந்த நாட்டிலும் குறையாகாது.

பதில் எப்படி வரும்? ஒரு மாதிரியைப் பாருங்கள்: ‘ஸீகா தோதோ ரெக்தோ ஆஸ்தா எல் ஸெமாஃபோரோ, இ லுவேகோ ஹீரே அலா இஸ்கியேர்தா.’ நேராக ட்ராபிக் லைட் வரை போய், பிறகு இடதுபக்கம் திரும்புங்கள். தமிழில் இடத்தை முதலில் சொல்லி, செய்ய வேண்டியதைக் கடைசியில் சொல்கிறோம். ஸ்பானிஷில் செயல் முதலில், எல்லை பிறகு. ‘ஹீரே அலா இஸ்கியேர்தா’ என்று கேட்ட உடனே அவசரப்பட்டுக் கிளம்பினால், பின்னால் வரும் ‘என் லா எஸ்கீனா’ (மூலையில்), ‘தெஸ்புவேஸ் தெல் புவென்த்தே’ (பாலத்துக்குப் பிறகு) போன்றவை காதில் ஏறாமல் போய்விடும். திசை கிடைத்த பிறகும் காதைத் திறந்தே வைத்திருங்கள். ‘ஆன்த்தேஸ்’ என்றால் அதற்கு முன், ‘தெஸ்புவேஸ்’ என்றால் அதற்குப் பின். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் ஒரு தெரு முழுக்கத் தவறிப்போகும்.

மிகவும் ஆபத்தான இணை ஒன்று உண்டு. ‘அலா தெரேச்சா’ என்றால் வலதுபக்கம். ‘தெரேச்சோ’ என்றால், முக்கியமாக லத்தீன் அமெரிக்காவில், நேராக. ஒரே உயிரெழுத்துதான் வேறுபாடு. தமிழில் சொல்லின் கடைசி உயிரை விழுங்கிப் பேசும் பழக்கம் நமக்கு இருக்கிறது, ‘பாட்டு’, ‘வீடு’ என்னும்போது கடைசி உகரம் பாதிதான் ஒலிக்கும். ஸ்பானிஷில் அந்தக் கடைசி ஒலியை முழுதாகத் திறந்து சொல்ல வேண்டும், கேட்கும்போதும் அதைத்தான் தேட வேண்டும். முன்னால் ‘அலா’ இருக்கிறதா என்பது இரண்டாவது அடையாளம்: ‘அலா’ வந்தால் திரும்ப வேண்டும், வராவிட்டால் நேராக. ஸ்பெயினில் நேராகப் போவதற்கு ‘ரெக்தோ’ அதிகம் புழங்குவதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு.

இன்னொரு இடறல், நீ-நீங்கள் வேறுபாடு. நீங்கள் மரியாதையாகக் கேட்டாலும் ஸ்பெயினில் பலரும் ‘தூ’ போட்டு, நீ என்ற முறையில் பதில் சொல்வார்கள். அதில் அவமரியாதை எதுவும் கிடையாது. அப்போது ஹீரே என்பது ஹீரா ஆகும், ஸீகா என்பது ஸீகே ஆகும், க்ரூஸே (கடந்து செல்லுங்கள்) என்பது க்ரூஸா ஆகும். முன்பகுதியைப் பிடித்துக்கொண்டு இந்த இடத்தில் மட்டும் கடைசி உயிரை விட்டுவிடலாம்.

திரும்புவதற்கான சொல்லே நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயினில் ‘ஹீரே’, அர்ஜென்டினாவில் ‘தோப்லே’, மெக்ஸிகோவில் ‘தே புவேல்தா’. எதுவாக இருந்தாலும் பக்கத்தில் தெரேச்சாவோ இஸ்கியேர்தாவோ வந்தே தீரும், அதைப் பிடித்தால் போதும். ஸ்பெயினில் பேருந்து ஏறுவதற்கும் ஒரு தெருவில் நுழைவதற்கும் ‘கொஹேர்’ என்ற வினையைச் சாதாரணமாகச் சொல்வார்கள். மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது ஆபாசச் சொல். ‘தோமார்’ எல்லா நாட்டுக்கும் பொது, அதையே பழகுங்கள். பேருந்துக்கு வட்டாரப் பெயர்களும் உண்டு: மெக்ஸிகோவில் காமியோன், பியூனஸ் அயர்ஸில் கொலெக்தீவோ, கேனரித் தீவுகளிலும் கியூபாவிலும் குவாகுவா. அவ்த்தோபூஸ் என்று சொன்னால் எங்கும் புரிந்துகொள்வார்கள்.

பதில் நீளமாக வராமல் தடுக்க ஒரு வழி இருக்கிறது. எப்படிப் போவது என்று கேட்டால் கதை வரும். ‘எஸ் போர் ஆகீ?’ (இந்தப் பக்கமா?) என்று கையை நீட்டிக் கேட்டால் ஆம், இல்லை என்று வரும். ‘எஸ்தா லேஹோஸ்?’ (தூரமா?), ‘ஸே புவேதே இர் ஆ பியே?’ (நடந்து போகலாமா?) இரண்டும் அப்படியே. மணிக்கும் இது பொருந்தும்: எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்பதைவிட ‘ஸியேர்ரா ஆ லாஸ் ஓச்சோ?’ (எட்டுக்கு மூடுவீர்களா?) என்று கேட்டால், தவறாக இருந்தால் ஒரே ஒரு எண்ணைச் சொல்லித் திருத்துவார்கள். அந்த ஒற்றை எண் காதில் தெளிவாக விழும். புரியாதபோது ‘மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபவோர்’ (கொஞ்சம் மெதுவாக). புரிந்தது என்று தோன்றும்போதும் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: ‘ரெக்தோ, ஸெமாஃபோரோ, இஸ்கியேர்தா?’ இலக்கணம் இல்லாத இந்த மூன்று சொற்கள் பல மாதப் பாடத்தைவிடப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பயிற்சிக்கு ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களே நல்ல களம். லெபோ பந்தாயும் லெபோ பாசாரும் சந்திக்கும் மூலையில், கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளுங்கள். நேரே நடந்தால் லெபோ பினாங், லெபோ கிங், லெபோ குயின் என்று பெரிய தெருக்கள் வரிசையாகக் குறுக்கே வரும். இடதுகைப் பக்கம் அடுத்த தெரு லெபோ சூலியா, வலதுகைப் பக்கம் லெபோ சைனா. மாரியம்மன் கோயில் இருக்கும் லெபோ குயினுக்கு: ‘ஸீகா ரெக்தோ, எஸ் லா தெர்ஸேரா காயே’ (நேரே போங்கள், மூன்றாவது தெரு). சூலியாவுக்கு: ‘ஹீரே அலா இஸ்கியேர்தா, எஸ் லா ப்ரிமேரா காயே’ (இடப்பக்கம் திரும்புங்கள், முதல் தெரு). தெரிந்த தெருவில் பழகும்போது மனம் வழியைத் தேடி அலையாது, முழுக் கவனமும் சொல்லுக்குப் போகும். ஒருவர் ஸ்பானிஷில் சொல்ல, இன்னொருவர் தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நடந்து காட்ட வேண்டும். தவறான மூலையில் திரும்பினால் எந்தச் சொல் கேட்கவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

மணிக்கு இன்னொரு துணை பக்கத்திலேயே இருக்கிறது. பிலிப்பீன்ஸ் நாட்டவர் தகாலோக் மொழியில் பேசும்போதும் கடிகார நேரத்தைப் பெரும்பாலும் ஸ்பானிஷ் வடிவில் சொல்கிறார்கள்: ‘அலா ஊனா’, ‘அலாஸ் தோஸ்’, ‘அலாஸ் த்ரெஸ் இ மெத்யா’. நேராகப் போவதற்கு அவர்கள் சொல்லும் ‘திரெட்ஸோ’வும் மேலே பார்த்த தெரேச்சோ வழியாக வந்ததே. உடன் வேலை செய்பவர் யாராவது இருந்தால் மணியை அவரிடம் கேட்டுப் பழகலாம்.

நகரங்களின் முகவரி முறை தெரியாமல் போனால், சொல் எல்லாம் புரிந்தும் இடம் கிடைக்காது. பொகோட்டாவில் ‘காயே’ தெருக்கள் கிழக்கு மேற்காகவும் ‘கார்ரேரா’ தெருக்கள் வடக்கு தெற்காகவும் எண்ணிட்டு ஓடுகின்றன. கார்ரேரா 7, எண் 32-16 என்றால், ஏழாம் கார்ரேராவில், 32-ஆம் காயே மூலையிலிருந்து ஏறத்தாழ 16 மீட்டரில் உள்ள வாசல். கோஸ்டா ரிக்காவில் தேவாலயத்திலிருந்து வடக்கே 200 மீட்டர் என்பதுபோல முகவரி சொல்வார்கள். அங்கே 100 மீட்டர் என்பது அளந்த தூரத்தைவிட ஒரு தெருத் துண்டு என்ற கணக்கிலேயே பெரும்பாலும் வரும். நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் ‘அல் லாகோ’, ஏரிப் பக்கம் என்றால் வடக்கு. ‘ஆர்ரீபா’, மேலே என்றால் சூரியன் எழும் கிழக்கு. ‘ஆபாஹோ’, கீழே என்றால் மேற்கு. 1972 டிசம்பரில் வந்த நிலநடுக்கத்தில் நகரின் நடுப்பகுதி அழிந்த பிறகும், இப்போது இல்லாத கட்டடங்களை அடையாளமாகச் சொல்லும் வழக்கம் தொடர்கிறது.

இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போகும்போது தெருப்பெயரும் எண்ணும் மட்டும் கைவசம் இருந்தால் போதாது. தங்கப்போகும் இடத்தாரிடம் முன்கூட்டியே ‘ஸேர்கா தே கே எஸ்தா?’ (எதற்குப் பக்கத்தில் இருக்கிறது?) என்று கேட்டு, அவர்கள் சொல்லும் தேவாலயத்தின் பெயரையோ சந்தையின் பெயரையோ அவர்கள் எழுதும் எழுத்திலேயே காகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டாக்சி ஓட்டுநரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தப் பெயர், அதற்குப் பிறகுதான் எண்.